இருபது லிட்டர் கேன்

ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் அண்ணே. காற்று வரட்டும். மழை வராது, வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.

நீங்கள் நாகப்பட்டினம்தானே? சீட்டு வாங்கும்போது காதில் விழுந்தது. நானும் அங்கேதான், கலெக்டர் ஆபீஸ். இன்று திங்கள்கிழமை, மனு வாங்கும் நாள். பார்த்தீர்களா, நடத்துநர் என்னிடம் ஊர் கேட்காமலே சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

வாசனையா? பஸ்ஸின் டீசலாக இருக்கும்.

இல்லை அண்ணே, டீசல் இல்லை. எனக்குப் பொய் வராது. மடியில் இருக்கிற இந்தப் பையில் ஒரு பாட்டில் இருக்கிறது. மூடிமேல் டேப்பை ஏழு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் ஈரத் துண்டு. பயப்பட ஒன்றும் இல்லை. பீடி கீடி பற்றவைப்பதாக இருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள், நான் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பழக்கமில்லையா? நல்லது.

நான் பேசுவது ஒரு மாதிரி இருக்கிறதா? இப்படித்தான் வரும், தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. வேதியியல். அங்கே போனதிலிருந்து பேச்சு புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. அக்கா சிரிப்பாள். "நம்ம வூட்டுக்கு ரேடியோ எதுக்கு, தம்பி வாயத் தொறந்தா செய்தி வாசிச்சிடுறான்" என்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தாலும் சிரிப்பாள்.

அக்காவுக்காகத்தான் மனு. நான்கு பக்கம்.

தையல்நாயகி என்று பெயர். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அப்பா போனபோது எனக்கு நடை வரவில்லை. அக்கா அம்மாவோடு வேதாரண்யத்தில் உப்பளத்தில் இறங்கினாள். அப்புறம் உப்பு அரைக்கிற மில். அரைத்த உப்பை மூட்டை கட்டுகிற இடத்தில் வேலை. பெண் பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் "தம்பி படிப்பு முடியட்டும்" என்றாள். படிப்பு முடிந்தபோது வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள், இருமல் வந்திருந்தது. நுரையீரல் காய்ந்து இறுகிவிட்டது என்றார் டாக்டர். உப்புத் தூசியா, அடுப்புப் புகையா, எதனால் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அவர் சொல்லாததை நான் மனுவில் எழுதவில்லை.

வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வைத்தோம். கரண்டில் ஓடுகிற மிஷின். கரண்டு போனால் சிலிண்டர், அது நான்கு மணி நேரம். எங்கள் பக்கம் புயல் அடித்தால் கரண்டு நான்கு நாளில் வருமா, பத்து நாளில் வருமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கினேன், பழையதுதான். ஜபருல்லா பாய் கொடுத்தார். இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். ஆறாம் வகுப்போடு நின்றவர். மட்டமாகச் சொல்லவில்லை அண்ணே, தகவலுக்காகச் சொல்கிறேன்.

பாய் அன்றைக்கே சொன்னார்: "தம்பி, மாசம் ஒருக்கா ஓட்டிப் பாத்துக்க. பெட்ரோல ரொம்ப நாள் போட்டு வக்காத. ரெண்டு மாசம் ஆனா யார் வண்டியிலயாவது ஊத்தித் தீத்துட்டுப் புதுசு வாங்கி வை. இப்ப வர்ற பெட்ரோலு முன்ன மாதிரி இல்ல. தண்ணியக் கண்டா விடாது."

"எத்தனால் கலக்கிறார்கள் பாய். ஹைட்ரஜன் பிணைப்பு. அதனால்தான் நீரை ஈர்க்கிறது" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் பாய்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் படம் போட்டுக் காட்டினேன். எத்தனால் கலக்காத அந்தக் காலத்துப் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் தனியாக அடியில் நிற்கும், மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். இப்போது அப்படி இல்லை. கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய்ப் படுத்துவிடும். இருபது லிட்டருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அக்கா அந்தக் காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பார்க்க வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவாள். "எந்தம்பி எழுதுனது. எனக்கு ஒரு எழவும் புரியல" என்பாள். அவ்வளவு பெருமை.

ஆகவே எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நான் தெரியாமல் எதுவும் செய்யவில்லை.

ஆவணியில் பெட்ரோல் வாங்கினேன். பங்க்கில் பிளாஸ்டிக் கேனில் தர மாட்டார்கள், எழுதியே போட்டிருக்கிறார்கள். டாக்டர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பங்க்கில் நின்றேன், விரட்டிவிட்டார்கள். மூன்றாவது பங்க்கில் ரெஜினா அக்கா இருந்தாள். அக்காவோடு உப்பளத்தில் வேலை செய்தவள். புருஷன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். "தையலுக்கா? கொண்டா கேன. மேனேஜர் சாப்புடப் போயிருக்காரு, சீக்கிரம்" என்று இருபது லிட்டர் ஊற்றினாள். நான் கேனில் தேதி எழுதி ஒட்டினேன். அடுப்புக்கு எதிர்ப்பக்கம், வெயில் படாத மூலை, அடியில் மணல். எல்லாம் முறைப்படி.

மாதம் ஒருமுறை ஓட்டவில்லையா என்கிறீர்களா? புகை அக்காவுக்கு ஆகாது அண்ணே. சத்தமும் அதிகம். நான் குரூப் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. புகைதான் காரணம்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. படிக்கிறவன் புத்தகத்தை வைப்பான், எங்கள் தெருவில் மண்வெட்டி, கூடை, உப்பு வாருகிற பலகை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் படைப்பார்கள். நான் சைக்கிள், மிஷின், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தேன். அக்கா கட்டிலில் இருந்து கேட்டாள்: "அந்தக் கேனு என்னடா பாவம் பண்ணுச்சு?"

"அது கருவி இல்லை அக்கா, எரிபொருள்."

"எனக்கு மூச்சே அதுலதாண்டா இருக்கு. பாரு, பல்லி எச்சமும் தூசியுமா. அழுக்கோட பொட்டு வக்காத."

அதனால் கேன் கழுவப்பட்டது. பெட்ரோலை இரண்டு எவர்சில்வர் குடத்தில் மாற்றி, தட்டுப் போட்டு மூடி, கேனை உள்ளும் புறமும் மூன்று தண்ணீர் விட்டு அலசி, கவிழ்த்து நிழலில் வைத்து, மதியத்துக்கு மேல் திரும்பவும் பெட்ரோலை ஊற்றி, மூடி, சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. அக்கா எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் சாமி மாதிரி இருக்கு" என்றாள்.

யார் கழுவியதா? வருகிறேன் அண்ணே. வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். மனுவையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், தேதி வாரியாக.

திருப்பூண்டி தாண்டிவிட்டோமா? இந்த இடத்தில் ரோடு மோசம். பையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

கார்த்திகையில் புயல் வந்தது. முந்தின நாள் மாலையே ஜெனரேட்டரில் பெட்ரோல் நிரப்பிவிட்டேன். கேனைத் தூக்கிக் கவிழ்த்தால் சிந்தும், சிந்தினால் ஆபத்து. அதனால் ரப்பர் குழாயைக் கேனின் அடிவரை விட்டு உறிஞ்சி நிரப்பினேன். மூன்று லிட்டர், ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. பாய் அந்தப் பக்கம் போனவர், "ஒருக்கா கயித்த இழுத்து ஓட்டிப் பாத்துரு தம்பி" என்றார். கதவெல்லாம் அடைத்துவிட்டோம், புகை உள்ளே நிற்கும் என்றேன்.

காலை ஆறு மணிக்குக் கரண்டு போனது. சிலிண்டரைத் திறந்தேன். சிலிண்டர் தீருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, ஒன்பது மணிக்கே பின்பக்கச் சாய்ப்பில் போய் ஜெனரேட்டரை இழுத்தேன். கிளம்பவில்லை. நாற்பத்தேழு முறை இழுத்தேன் அண்ணே, எண்ணினேன். அம்மா கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தக் காற்றில் ஓடிப் போய்ப் பாயைக் கூட்டி வந்தாள். அவர் வரும்போதே தன் வண்டியிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவ்வளவு மழையிலும் தொப்பியைக் கழற்றி அதன்மேல் பொத்திக் கொண்டுவந்தார்.

மூடியைத் திறந்து முகர்ந்தார். "இது பெட்ரோல் வாசனையே இல்லையே. தண்ணி எறங்கியிருக்கு. டேங்க்க முழுசா வடிச்சுட்டு, கார்ப்பரேட்டரக் கழுவிட்டு, இந்தப் புதுச ஊத்துவோம். பத்து நிமிசம்" என்றார்.

சாய்ப்பில் அரிக்கேன் எரிந்துகொண்டிருந்தது. எரிகிற விளக்கு இருக்கிற இடத்தில் பெட்ரோலைத் திறந்து வடிக்கக் கூடாது அண்ணே. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அதைச் சொன்னேன்.

"வெளக்க அணைச்சுடுறேன்டா" என்றாள் அம்மா.

பகல்தான், ஆனால் வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. இருட்டில் எப்படி அதைப் பிரிப்பது?

"செல்லு லைட்ட அடி தம்பி" என்றார் பாய்.

பெட்ரோல் பக்கத்தில் செல்போன் உபயோகிக்கக் கூடாது. பங்க்கிலேயே போர்டு இருக்கிறது. அதையும் சொன்னேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அடேய், உள்ள மனுசி கெடக்குறா" என்றார்.

நான் நிதானமாகத்தான் இருந்தேன். வடிக்க வேண்டாம், இந்த ஒரு லிட்டரை அப்படியே மேலே ஊற்றுங்கள், புதியதோடு கலந்தால் வீரியம் வந்துவிடும் என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆகாது என்று. எங்கள் சத்தம் உள்ளே கேட்டிருக்கிறது. கதவு திறந்துதான் இருந்தது. விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் அளக்கும் கருவி எழுபத்தொன்று காட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொரு சொல்லாக, இடையில் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்:

"பாய்... தம்பி சொல்றதக் கேளுங்க."

பாய் கேட்டார். ஊற்றினார். அதுதான் அக்கா பேசிய கடைசிப் பேச்சு. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு முடிந்துவிட்டது. ரோடு முழுக்க மரம். ஆம்புலன்ஸ் மறுநாள் சாயங்காலம் வந்தது.

வேண்டாம் அண்ணே, தண்ணீர் என்னிடம் இருக்கிறது. நான் சரியாகத்தான் இருக்கிறேன்.

மனுவில் என்ன எழுதியிருக்கிறேன் என்றால், பங்க்கில் எனக்குக் கொடுத்த பெட்ரோலில் தண்ணீர் இருந்தது. அவர்களுடைய நிலத்தடித் தொட்டியைச் சோதிக்க வேண்டும். தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் கேனில் விதியை மீறி ஊற்றிக் கொடுத்தவர் பெயர் ரெஜினா. அது உண்மைதானே? ஊற்றினாள்தானே? நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதே மாதிரி ஒரு காலிக் கேனை எடுத்துவந்தார். தண்ணீர் ஊற்றி அலசினார். கவிழ்த்து வைத்து டீ குடிக்கப் போனார். அரை மணி கழித்து வந்து, கேனை நிமிர்த்தி என் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினார். "கேக்குதா? கைப்புடி உள்ள பொள்ளலு. கவுத்து வச்சா தண்ணி கைப்புடிக்குள்ள போயி நின்னுக்கும். நிமித்துனா எறங்கிடும். ஒரு டம்ளரு நிக்கும்" என்றார். பிறகு, "உன்னக் குத்தம் சொல்லல தம்பி. எனக்கே போன வருசந்தான் தெரிஞ்சுது. அன்னைக்கு அந்தப் பங்க்குல நானுந்தான் போட்டேன், என் வண்டி ஓடுதே. அந்தப் புள்ளய வுட்டுரு" என்றார்.

சத்தம் கேட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வேறு கேன் அண்ணே. எங்கள் கேனை அப்படிச் சோதித்துப் பார்க்கவில்லையே. அதில் பெட்ரோல் இருக்கிறது. சாட்சியத்தைக் கலைக்கக் கூடாது.

ஆமாம், இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. பதினாறரை லிட்டர். சாட்சிக்கு எடுத்த அரை லிட்டர்தான் இந்தப் பாட்டில். அக்கா கட்டில் இருந்த இடத்தில். கொட்டிவிடலாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எங்கே கொட்டுவது? மண்ணில் ஊற்றினால் தண்ணீருக்குப் போகும், சுற்றி உப்பளம். சாக்கடை கூடாது. கொளுத்துவது அதைவிட மோசம். பங்க்கில் திரும்ப வாங்க மாட்டார்கள். நகராட்சியில் கேட்டேன், குப்பை வண்டியில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். பாய்தான் சொன்னார்: "எங்கிட்டக் குடு. மேல நிக்கிறத வடிச்சு வண்டிச் சாமான் கழுவ வச்சுக்கிறேன். கீழ உள்ளதக் கேன்லயே மூடி வச்சிருந்து, டவுன்ல கழிவு ஆயிலு எடுக்குற வண்டி வரும்போது அவன்ட்டக் கேட்டுப் பாக்கலாம்" என்று. கொடுக்கவில்லை. சோதனைக்கு வரும்போது கேன் வேண்டுமே.

அம்மாவுக்குத்தான் கொஞ்சம் சிரமம். அக்கா படத்துக்கு முன்னால் நாற்பத்தெட்டு நாள் விளக்கு எரிய வேண்டும் என்றாள். பெட்ரோல் இருக்கிற அறையில் விளக்கு எப்படி வைப்பது? படத்தை வாசலில் மாட்டி விளக்கை வெளியே வைக்கச் சொன்னேன். அது கடல் காற்று, நிற்கிறதா? அம்மா ஏற்றுவாள், அணையும். திரும்ப ஏற்றுவாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "அந்தக் கேன எடுத்தா எம்புள்ள வூட்டுக்குள்ள வந்துருவாடா" என்றாள் நேற்று. தீர்ப்பு வரட்டும் அம்மா என்றேன்.

ரெஜினா அக்காவும் வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "தம்பி, கேன்ல ஊத்துனேன்னு தெரிஞ்சா அன்னைக்கே வேலையவுட்டு நிறுத்திருவாங்க. தையலுக்காகத்தான்டா ஊத்துனேன். எம் பேர மட்டும் எழுதிராத" என்றாள். நான் என்ன செய்ய? அவள் பெயரை எடுத்துவிட்டால் கேனில் யார் ஊற்றியது என்று கேட்பார்களே.

பெயரை அடித்துவிடலாம் என்கிறீர்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் அண்ணே.

மறக்கவில்லை. நீங்கள் கேட்டதை மறக்கவில்லை.

நான்தான். கேனைக் கழுவியது நான்தான். அக்கா பொட்டு வைக்கத்தான் சொன்னாள். மூன்று முறை அலசியது நான். ஒரு முறை போதும் என்றாள் அம்மா. சுத்தமாக இருக்கட்டும் என்று மூன்று முறை. கவிழ்த்து வைத்தேன், உள்ளே கைவிட்டுத் துணியால் துடைக்க முடியவில்லை, வாய் சின்னது. உள்ளே முகர்ந்தும் பார்த்தேன். கைப்பிடியைப் பார்க்கவில்லை. கைப்பிடியை யார் பார்ப்பார்கள்? அதைப் பிடித்துத் தூக்கத்தான் செய்வோம்.

மனுவில் அது இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. நான்கு பக்கத்தில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காததை நாமாக எப்படி எழுதுவது?

வேளாங்கண்ணி தாண்டி இவ்வளவு தூரம் வந்துவிட்டோமா? இருங்கள், பாட்டிலை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். இதோ, இந்தத் துண்டைக் கொஞ்சம் பிடியுங்கள். இங்கே கறுப்பு மையில் ஒரு கோடு போட்டிருக்கிறேன் பாருங்கள். அசையாமல் இருந்தால் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, கத்தியால் அறுத்த மாதிரி இரண்டாகத் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவ்வளவு தெளிவாக இருந்தது. இப்போது ஆடி ஆடி... பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. எது பெட்ரோல், எது தண்ணீர் என்று தெரியவில்லை.

போன திங்களும் இப்படித்தான். அதற்கு முந்தின திங்களும். ஒவ்வொரு தடவையும் கலெக்டர் ஆபீஸ் வாசல்வரை தெளிவாக இருக்காதா என்று பார்க்கிறேன். போன வாரம் திரும்பிப் போனபோது ரெஜினா அக்கா பஸ் நிறுத்தத்திலேயே நின்றாள். வேலைக்குப் போகிற சேலையில் நின்றாள். "குடுத்துட்டியா தம்பி?" என்றாள். அடுத்த வாரம் என்றேன். வேலைக்குப் போனாள்.

கலெக்டர் ஆபீஸ் என்று கூப்பிடுகிறாரா? ஆமாம், இதுதான். நீங்கள் வழி விட வேண்டாம், உட்காருங்கள். இப்படிக் கலங்கிப் போனதைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால் என்ன நினைப்பார்கள்? தெளியட்டும். தெளியக் கால் மணி நேரம் ஆகும். பஸ் நிலையத்தில் இந்த பஸ் பத்து நிமிடம்தான் நிற்கும், அப்புறம் திரும்ப வேதாரண்யம்.

நீங்கள் இறங்குங்கள் அண்ணே, ஸ்டாண்ட் வந்துவிட்டது. கண்ணாடியை மட்டும் அப்படியே திறந்து வைத்துவிட்டுப் போங்கள். நான் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன். யாரும் எழுப்ப மாட்டார்கள். நடத்துநருக்கு என்னைத் தெரியும்.